ஹால்டேனில் இரண்டு இடங்கள்

கார்ஸ்டேர்ஸ் ராணுவப் பள்ளி,
வர்ஜீனியா.
12 செப்டம்பர் 1993

அன்புத் தம்பி ஜார்விஸ்,

நான் இங்கே சுகம், தலையில் முடி மட்டும் இல்லை. நீ, ஓஸெல்லா சித்தி, என் அம்மா மூன்று பேரும் சுகமா? வந்த முதல் நாளே வரிசையாக உட்காரவைத்து மழித்துவிட்டார்கள். அம்மாவிடம் சொல்லாதே, அழுவாள்.

போன் பண்ணவில்லை என்று கோபிக்காதே. இங்கே ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன். ஆளுக்குப் பத்து நிமிடம், எனக்கு முன்னால் நாற்பது பேர். என் முறை வருவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடுகிறது. இனிமேல் கடிதம்தான். காலை ஐந்தரைக்கு எழுப்பி அணிவகுத்து நடக்கவிடுகிறார்கள். பிறகு வகுப்பு, பிறகு கூடைப்பந்து, பிறகு மறுபடியும் வகுப்பு. காலேஜ் நுழைவுப் பரீட்சையில் கொஞ்சம் மதிப்பெண் குறைந்ததற்கு ஒரு வருடம் சிப்பாய் வேலை.

என் அறையில் இன்னொருவன் இருக்கிறான். பெயர் ராயல், சிகாகோக்காரன், ஏழடி உயரம். கால் கட்டிலுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கிறது. நான் பார்க்காமல் எறிந்த பந்தைக்கூட ஒற்றைக் கையில் பிடித்துவிடுகிறான்.

நடந்து நடந்து சலிக்கும்போதெல்லாம் ஆகஸ்ட் மாதத்தை நினைத்துக்கொள்கிறேன். ஹால்டேன் யூனிவர்சிட்டியின் கோச் மெர்டாக் நம் வீட்டில் உட்கார்ந்து அம்மா பொரித்த கெளுத்தி மீனில் ஆறு துண்டு தின்றுவிட்டு, நம் இருவர் கையையும் சேர்த்துப் பிடித்து, "ரெண்டு பிள்ளைங்களுக்கும் எங்க டீம்ல ரெண்டு எடம். இது என் வாக்கு" என்றாரே, அதை. ஆறு வருடத்தில் என் மாதிரிப் பந்தை நடத்திச் செல்கிற ஆட்டக்காரர்கள் நாலு பேரைப் பணம் கொட்டுகிற என்.பி.ஏ.வுக்கு அனுப்பியவர். ஐந்தாவது நான். என் பந்தை வாங்கிக் கூடையில் போட நீ. மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டால் சித்தியும் அம்மாவும் அந்த மீன் ஆலைக்குப் போகவேண்டியதில்லை.

முழங்கால் எப்படி இருக்கிறது? உண்மையைச் சொல்.

அன்புடன்,
அண்ணன் கோர்டெல்


க்விவர் பெண்ட்,
மிசிசிப்பி.
26 செப்டம்பர் 1993

அன்புள்ள அண்ணே,

இங்கே எல்லாரும் சுகம். மொட்டைத் தலையோடு நீயும் சுகமாக இருக்க வேண்டுகிறோம். மொட்டை விஷயத்தை மறைக்கத்தான் பார்த்தேன், சிரிப்பு வந்து உளறிவிட்டேன். பெரியம்மா அழவில்லை. "அவன் மண்ட ஷேப்பு எனக்குத் தெரியும், நல்லாவே இருக்காது" என்றாள்.

ஒன்று சொல்கிறேன், கேள். முழங்கால் விஷயத்தை இனிக் கடிதத்தில் எழுதாதே. நல்லவேளை தபால்காரன் கையிலிருந்து நானே வாங்கினேன். அம்மா பிரித்திருந்தால் அன்றைக்கே என்னை டாக்டரிடம் இழுத்துப்போயிருப்பாள். டாக்டர் ஒரு காகிதத்தில் எழுதினால் அது ஹால்டேன் வரைக்கும் போகும். ஜூலையில் நான் விழுந்தபோது நீ ஆலையிலிருந்து வாளி வாளியாக மீன் ஐஸ் திருடிக்கொண்டு வந்து கட்டினாயே, அதோடு சரியாகிவிட்டது. ஒரு வாரம் காலெல்லாம் கெளுத்தி நாற்றம் அடித்தது மட்டும்தான் மிச்சம். உனக்கும் எனக்கும் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. அப்படியே இருக்கட்டும்.

டென்னசியிலிருந்து காலேஜ்காரர்கள் சிலர் வந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். பக்கத்து ஊர்ச் சின்னக் கல்லூரியின் கோச் டில்மனும் வந்தார். அவருடைய அழுக்கு டிரக் ஞாபகம் இருக்கிறதா? அவருக்கும் அதே பதில்தான். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "பேப்பர் கைக்கு வந்துருச்சா தம்பி?" என்று கேட்டார். ஒப்பந்தப் பேப்பர் நவம்பரில்தான் வரும், வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். "வாக்குல கையெழுத்துப் போட முடியாதேப்பா. என் எடத்த கொஞ்ச நாள் காலியாவே வெச்சிருக்கேன்" என்று நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பாவம், நல்ல மனிதர். அவர் ஆட்கள் யாரும் என்.பி.ஏ.வை டிவியில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

பாஸ்டர் போன ஞாயிறு பிரசங்க மேடையிலிருந்தே நம் இரண்டு பேர் பெயரையும் சொல்லிவிட்டார். பெரியம்மா உட்கார்ந்த இடத்தில் விசிறியை வேகவேகமாக வீசினாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஏழடிக்காரனை ரொம்பப் புகழாதே, எனக்குப் பொறாமை வரும்.

உன் தம்பி,
ஜார்விஸ்


கார்ஸ்டேர்ஸ்
17 அக்டோபர் 1993

அன்புத் தம்பி,

சுகம். உங்கள் எல்லாருடைய சுகத்தையும் விரும்புகிறேன்.

பதில் தாமதம், மன்னித்துக்கொள். மாதிரிப் பரீட்சையில் நாற்பது புள்ளி ஏறியிருக்கிறது. கணக்கு வாத்தியார் ஒரு ஓய்வுபெற்ற கேப்டன். தப்பு விட்டால் திட்டுவதில்லை, மைதானத்தைச் சுற்றி ஓடவிடுகிறார். அதனால் ஓட்டமும் கணக்கும் சேர்ந்து நன்றாக வருகிறது. இங்கே இலைகள் எல்லாம் சிவந்துவிட்டன. நம் ஊரில் இப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

போன சனிக்கிழமை கோச் மெர்டாக் வந்திருந்தார். பயிற்சியைப் பார்த்தார். ராயலோடு கொஞ்ச நேரம் பேசினார், அப்புறம் என்னோடு. உன்னைப் பற்றியும் கேட்டார். நன்றாக இருக்கிறாய் என்றேன்.

அந்தக் கோச் டில்மனின் நம்பரைத் தொலைத்துவிடாதே. பத்திரமாக வைத்துக்கொள். சும்மாதான் சொல்கிறேன். ஒரு மனிதர் மதித்து வீடு தேடி வந்திருக்கிறார் இல்லையா.

ராயலுக்கு ஷூ கிடைக்கவில்லை. பத்தொன்பதாம் நம்பர் காலுக்கு எந்தக் கடையில் ஷூ வைத்திருப்பார்கள்? சிரித்துக்கொண்டே இருக்கிறோம்.

அம்மாவுக்கும் சித்திக்கும் என் முத்தங்கள்.

அண்ணன் கோர்டெல்


க்விவர் பெண்ட்
24 அக்டோபர் 1993

அன்புள்ள அண்ணே,

எல்லாரும் சௌக்கியம். நாற்பது புள்ளி என்றதும் பெரியம்மா ஆலையில் எல்லாரிடமும் சொல்லி, இப்போது அது எண்பது ஆகிவிட்டது. நீ வரும்போது நூற்றைம்பதாக இருக்கும், தயாராக வா.

நீ என்ன மனுஷன்? கோச் வந்தார், உன்னைப் பற்றிக் கேட்டார் என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டு அந்தச் சிகாகோக்காரனின் ஷூவைப் பற்றி ஒரு பத்தி எழுதுகிறாயே. கோச் என்ன கேட்டார்? நீ என்ன சொன்னாய்? வார்த்தைக்கு வார்த்தை எழுது. என்னை முதல் வருடமே ஆடவிடுவாரா, உட்காரவைப்பாரா? எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

டில்மன் நம்பரை ஏன் வைத்துக்கொள்ளச் சொல்கிறாய்? நேற்றுக்கூட அவர் போன் பண்ணி, "மனசு மாறினா சொல்லு தம்பி, எடம் இன்னும் இருக்கு" என்றார். மாறாது சார் என்றேன். சரியாகத்தானே சொன்னேன்?

அம்மா ஹால்டேன் பச்சை நிறத்தில் தொப்பி வாங்கிவிட்டாள். பேப்பரில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தலையில் வைக்க வேண்டுமாம், அதற்கு முன்னால் வைத்தால் ராசியில்லையாம். பேப்பர் வந்த உடனே நம் பள்ளி நூலகத்திலேயே கையெழுத்து விழா. பிரின்சிபால் ஏற்பாடு செய்கிறார்.

சீக்கிரம் எழுது.

உன் தம்பி,
ஜார்விஸ்


கார்ஸ்டேர்ஸ்
6 நவம்பர் 1993

அன்புத் தம்பி,

நலம். நலம்தானே?

பரீட்சை நெருக்கத்தில் எழுதுகிறேன், அதனால் சுருக்கமாக. புதன்கிழமை இங்கேயும் கையெழுத்து. தலைமை அதிகாரியின் அறையில் நான், ராயல், பிறகு வில்லியம்ஸ்பர்க் பையன் ஒருவன். ராயலும் ஹால்டேன்தான் என்று முடிவு பண்ணியிருக்கிறான். குளிர் ஆரம்பித்துவிட்டது. அம்மா அனுப்பிய உள்பனியன் வந்து சேர்ந்தது.

நீ கேட்டதற்கெல்லாம் அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன்.

கோர்டெல்


க்விவர் பெண்ட்
14 நவம்பர் 1993

அன்புள்ள அண்ணே,

எல்லாரும் உடம்பளவில் சுகம். முதலில் உனக்கு வாழ்த்து. ஜாக்சன் செய்தித்தாளில் உன் படத்தைப் பார்த்தோம். பெரியம்மா அதை வெட்டி பைபிளில் வைத்திருக்கிறாள். பக்கத்தில் நிற்கிற ராயலின் தலை படத்துக்குள் அடங்கவில்லை.

இனி என் கதையைக் கேள். உனக்குச் சிரிப்பு வரலாம், வந்தால் சிரித்துக்கொள்.

புதன்கிழமை காலை அம்மா ஈஸ்டருக்கு உடுத்துகிற மஞ்சள் உடையை உடுத்திக்கொண்டு வந்தாள். ஆலையில் லீவு கேட்டிருந்தாள். நூலகத்தில் மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, நடுவில் தொப்பியை வைத்திருந்தார்கள். பாஸ்டர் வந்துவிட்டார், எங்கள் டீம் முழுக்க வந்துவிட்டது, ஊர்ப் பத்திரிகையிலிருந்து கேமராக்காரரும் வந்துவிட்டார். வராதது பேப்பர் ஒன்றுதான். விரைவுத் தபால் வண்டி பத்து மணிக்கு வரும் என்று பள்ளி ஆபீஸில் வேலை பார்க்கிற டிம்ஸ் அம்மா சொன்னாள். பத்தே காலுக்கு வண்டி வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். டிம்ஸ் அம்மா கவரைப் பிரித்தாள். உள்ளே ஜெராக்ஸ் மெஷினுக்கு மை.

"அடுத்த வண்டி எத்தன மணிக்கு?" என்று அம்மா கேட்டாள். இரண்டு மணிக்கு என்றார்கள். "அப்ப இருக்கேன்" என்று கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

கேமராக்காரருக்கு வேறு வேலை இருந்தது. "பேப்பர் எப்படியும் வந்துரும்ல? சும்மா ஒரு தாள்ல கையெழுத்துப் போடுற மாதிரி பேனாவப் புடி தம்பி. அம்மா, நீங்க தோள்ல கை வைங்க. சிரிங்க" என்றார். பிடித்தேன். அம்மா தானாகவே தொப்பியை எடுத்து என் தலையில் வைத்துவிட்டாள். இரண்டு மணி வண்டி பள்ளித் தெருப்பக்கமே வரவில்லை. அம்மா பள்ளி முடிகிற மணி அடிக்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் பத்திரிகையில் பெரிய படம். "க்விவர் பெண்ட் மகன் ஹால்டேனில் கையெழுத்திட்டார்." நான் கையெழுத்துப் போட்டது பள்ளியின் வருகைப் பதிவுத் தாளின் பின்பக்கம்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஹால்டேனுக்குப் போன் பண்ணினேன். சனிக்கிழமைதான் உதவிக் கோச் ஒருவர் பேசினார். இடங்கள் கொஞ்சம் மாறிவிட்டனவாம், வசந்தத்தில் பார்க்கலாமாம், உறுதி சொல்ல முடியாதாம். அன்பாகத்தான் பேசினார். என் உடம்பைப் பற்றியும் விசாரித்தார்.

ஊரில் எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்துகிறார்கள். எத்தனை பேரிடம் இல்லை என்று சொல்வது? இப்போதெல்லாம் நன்றி என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னாய். காத்திருக்கிறேன்.

உன் தம்பி,
ஜார்விஸ்


கார்ஸ்டேர்ஸ்
1 டிசம்பர் 1993

அன்புத் தம்பி,

உன் கடிதம் படித்து மனம் மிகவும் வேதனைப்பட்டது. சித்தி எப்படி இருக்கிறாள்?

இந்தக் காலேஜ்காரர்களே இப்படித்தான். வாயில் தேனாக ஒழுகுவார்கள், காரியம் என்று வந்தால் ஆளைக் காணோம். எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டேனா? வசந்தம் வரைக்கும் பொறு. நீ ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தால் அவர்களே ஓடி வருவார்கள்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது போலிருக்கிறது. ராயலின் வீட்டில் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே டீமுக்குப் போவதால் சேர்ந்து பயிற்சி செய்தால் நல்லது என்று கோச்சும் சொன்னார். அம்மாவிடம் நீ கொஞ்சம் பக்குவமாகச் சொல்.

கோர்டெல்


க்விவர் பெண்ட்
19 டிசம்பர் 1993

அன்புள்ள அண்ணே,

இங்கே எல்லாரும் நலம். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். நீ வரவில்லை என்பதைப் பக்குவமாகச் சொல்லச் சொன்னாய். பக்குவம் எனக்கு எங்கே வரும்? வரவில்லை என்று சொன்னேன். பெரியம்மா மாவு பிசைவதை நிறுத்திவிட்டு, "சிகாகோவுல அவனுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டாள். மறுபடியும் பிசைய ஆரம்பித்துவிட்டாள்.

டில்மனுக்குப் போன் பண்ணினேன். அவர் பத்திரிகையில் என் படத்தைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு, எனக்காக வைத்திருந்த இடத்தை அன்றைக்கே ஒரு கிரீன்வுட் பையனுக்குக் கொடுத்துவிட்டாராம். "படத்துல தொப்பிய போட்டுக்கிட்டு சிரிச்சியேப்பா" என்றார். அவர் மேல் என்ன தப்பு?

ஆட்டங்கள் நடக்கின்றன. இதுவரை ஏழு ஜெயித்திருக்கிறோம். போன வெள்ளி நான் இருபத்தாறு புள்ளி போட்டேன். ஹால்டேனிலிருந்து யாராவது பார்க்க வந்தால் காட்ட வேண்டும் என்று எல்லா ஆட்டத்திலும் கடைசி நிமிடம் வரை ஆடுகிறேன்.

அக்டோபரில் கோச் உன்னிடம் என்ன கேட்டார் என்று நான் கேட்டு இரண்டு மாதம் ஆகிறது. அவசரமில்லை. ஆனால் என்னிடம் சொல்ல ஏதாவது இருந்தால் சொல் அண்ணே. நான் கேட்டுக்கொள்வேன்.

உன் தம்பி,
ஜார்விஸ்


க்விவர் பெண்ட்
23 ஜனவரி 1994

அன்புள்ள அண்ணே,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. நலமாகத்தான் இருப்பாய்.

செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் கூடையில் பட்டுத் திரும்பிய பந்துக்கு எகிறிக் கீழே வந்தேன், கால் நிற்கவில்லை. சத்தம் எனக்கே கேட்டது. ஜாக்சன் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே தசைநார் அறுந்துவிட்டது, அதற்குக் கீழே ஏற்கெனவே கிழிந்து தேய்ந்துபோனது வேறு இருக்கிறதாம். பிப்ரவரி மூன்றாம் தேதி ஆபரேஷன். ஒரு வருடம் பந்தைத் தொடக்கூடாது. பிறகு ஆடலாமா என்பதைப் பிறகுதான் சொல்வார்களாம்.

"இது பழசாச்சே, மொதல்ல எப்ப அடிபட்டுச்சு?" என்று டாக்டர் கேட்டார். ஜூலையில் என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "ஆறு மாசம் எம் முன்னாலதானடா நடந்த" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஜூலையிலேயே காட்டியிருந்தால் தையல் போட்டுச் சரிசெய்திருக்கலாமாம். மறைத்தது நான்தான். யாரையும் குறை சொல்லவில்லை.

ஜார்விஸ்


கார்ஸ்டேர்ஸ்
6 பிப்ரவரி 1994

என் தம்பி ஜார்விஸ்,

ஆபரேஷன் முடிந்திருக்கும். வலி எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. இந்தக் கடிதத்தை உன் பள்ளி முகவரிக்கு அனுப்புகிறேன், அம்மாவோ சித்தியோ படித்துவிடக்கூடாது என்று. இதிலும் கோழைத்தனம்தான்.

அக்டோபரில் கோச் வந்தபோது மழை. என்னைத் தன் காரில் உட்காரவைத்துப் பேசினார். "மூணு பசங்க இருக்கீங்க. எங்கிட்ட ரெண்டு எடம்தான் இருக்கு. உன் எடம் கெட்டி. மீதி ஒண்ணு ராயலுக்கா, உன் தம்பிக்கா? பந்த தூக்கிக் குடுக்கப்போறது நீதானே, நீயே சொல்லு" என்றார். அவரே தொடர்ந்தார். "ராயல் இருந்தா மார்ச் மாசம் நாடு முழுக்க நடக்குற போட்டியில கடைசி நாலு டீம்ல நாம இருப்போம். என்.பி.ஏ. ஆளுங்க எல்லாரும் அங்கதான் உக்காந்திருப்பாங்க. அவன் இல்லன்னா நீ ஆடுறது யாருக்குத் தெரியும்?" என்றார்.

ராயலின் கைகள் நல்ல கைகள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தம்பிகிட்ட வாக்குக் குடுத்துட்டேனே, என்ன பண்றது?" என்று அவர் தாடையைத் தேய்த்தார். அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அது எனக்குப் புரிந்தது. நான் கொடுத்தேன். ஜூலையில் நீ விழுந்ததை, ஐஸ் கட்டியதை, படிக்கட்டில் நீ பக்கவாட்டாக இறங்குவதை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையாட்டினார். "இது நமக்குள்ளயே இருக்கட்டும்" என்றார்.

உன் காலைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று பல நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். பொய். அப்படியென்றால் சித்தியிடம் அல்லவா சொல்லியிருப்பேன். எனக்கு ராயல் வேண்டும், அதற்காகச் சொன்னேன். அன்று மதியம் எனக்கு நன்றாகப் பசித்தது. இரண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வராததும் அதனால்தான். உன் எதிரில் உட்கார்ந்து சோள ரொட்டியைப் பிட்டுத் தின்ன என்னால் முடியாது.

நான் முடிவு செய்துவிட்டேன். ஹால்டேனுக்குக் கொடுத்த கையெழுத்தை வாபஸ் வாங்குகிறேன். அதற்குத் தண்டனையாக ஒரு வருடம் ஆட முடியாது, பரவாயில்லை. உனக்கு எந்தச் சின்னக் காலேஜில் இடம் கிடைக்கிறதோ அங்கேயே வருகிறேன். என்.பி.ஏ. போனால் போகட்டும். நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது, நாளைக்கே கோச்சுக்குச் சொல்லிவிடுகிறேன்.

என்னை மன்னித்துவிடு.

கோர்டெல்


க்விவர் பெண்ட்
13 மார்ச் 1994

கோர்டெல்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. கால் மடங்க ஆரம்பித்திருக்கிறது. உட்கார்ந்து எழுத முடிகிறது.

எனக்கு நவம்பர் பதின்மூன்றாம் தேதியே தெரியும். அந்த உதவிக் கோச் போனை வைப்பதற்கு முன்னால், "அந்த இடது முழங்கால் இப்ப எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டார். இடது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். உனக்கு எழுதியபோது அதை மட்டும் விட்டுவிட்டேன். நீயாகச் சொல்வாய் என்று பார்த்தேன். நீ எனக்கு எதுவும் தெரியாது என்று எழுதினாய். டிசம்பரில் வெட்கத்தை விட்டு நானே கேட்டேன். நீ சிகாகோவுக்குப் போனாய்.

ராயலைக் கேட்டது தப்பில்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் என் பெயரைச் சொல்லியிருப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை. நானும் யோசித்துப் பார்த்தேன். ஆனால் அக்டோபர் பதினேழாம் தேதி நீ எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. அப்போது டில்மனின் இடம் காலியாக இருந்தது. நவம்பர் பத்தாம் தேதி வரைக்கும் இருந்தது. நீ "நம்பரைப் பத்திரமாக வைத்துக்கொள்" என்று எழுதினாய். "அந்த இடத்தை வாங்கிக்கொள்" என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் உன் ஹால்டேன் உனக்குத்தான், ராயலும் உனக்குத்தான். உனக்கு ஒரு நஷ்டமும் வந்திருக்காது. நான் ஏன் என்று கேட்பேன், நீ பதில் சொல்லவேண்டி வரும், அது ஒன்றுதான். அந்த ஒரு பதிலுக்குப் பயந்து என்னையும் அம்மாவையும் ஊருக்கு முன்னால் நூலகத்தில் உட்காரவைத்தாய். இல்லாத இடத்துக்காக நான் ஜனவரி வரைக்கும் அந்தக் காலோடு எகிறிக்கொண்டிருந்தேன். கோச்சுக்குத் தெரியும், உனக்குத் தெரியும், ஒருவர்கூட ஆடாதே என்று சொல்லவில்லை.

ஹால்டேனை விட்டுவிட்டு என்னோடு வருவதாக எழுதியிருக்கிறாய். வராதே. ஒருமுறை என் முழங்காலைக் கொடுத்து ராயலை வாங்கினாய். இப்போது மறுபடியும் அதையே கொடுத்து உன் தூக்கத்தை வாங்கப் பார்க்கிறாய். அது என் கால். எனக்கு இப்போது இருப்பது அது ஒன்றுதான். நீ போ, ஆடு, நன்றாக ஆடு. மோசமாக ஆடினாலும் அதற்கு என்னைக் காரணம் சொல்லாதே.

எனக்குச் செப்டம்பரில் பக்கத்து இரண்டு வருடக் காலேஜில் படிப்பு. பந்து உண்டா இல்லையா என்று தெரியாது. தெரியாமலே போகிறேன்.

மே மாதம் நீ வீட்டுக்கு வருவாய். அவர்கள் நம் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் தட்டு வைப்பார்கள். உட்கார்ந்து சாப்பிடு. அவர்களோடு பேசு. என்னிடம் மன்னிப்புக் கேட்காதே, அவர்கள் முன்னாலும் வேண்டாம், தனியாகவும் வேண்டாம். என்னிடம் அது இருந்தால் நானே வந்து கொடுப்பேன். இப்போது இல்லை.

இன்று சர்ச் முடிந்து வந்ததும் பெரியம்மா, "எம் புள்ளகிட்டேருந்து லெட்டர் வந்து மாசக்கணக்காச்சு, உனக்காவது எழுதினானா?" என்று கேட்டாள். எழுதினான் என்றேன். "படிடா" என்று கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். அம்மாவும் வந்து உட்கார்ந்தாள். வேறு வழியில்லை. உன் கடிதத்தை எடுத்துப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு படித்தேன். சுகமாக இருக்கிறானாம், பரீட்சையில் தேறிவிட்டானாம், அம்மா பொரிக்கிற மீன் ஞாபகமாகவே இருக்கிறதாம், தம்பி காலை நினைத்தால் தூக்கம் வரவில்லையாம், அவனை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுகிறானாம். அரைப் பக்கத்துக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியாடி, எம் புள்ளைக்கு இவன்மேல எவ்ளோ உசுரு" என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா ஆமாம் என்றாள். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். நானும் ஆமாம் என்றேன்.

ஜார்விஸ்